கூலருக்கு ஒரு சந்தனப் பொட்டு

மாத்தளை
ஞாயிறு பகல்

அன்பு மகள் லக்ஷிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், நான் நலம், உனக்கென்று வாங்கிய கணினியும் இப்போது நலம், அதன் காய்ச்சல் நேற்றோடு விட்டுவிட்டது. கிளிநொச்சி கம்பஸ் வெயிலில் நீயும் தலைவலி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே மழை. பின்னேரமானால் வந்துவிடுகிறது. உடுப்புக் காய்வதில்லை. மற்றபடி குறையில்லை.

தினமும் போனில் பேசுகிறோமே, பிறகென்ன கடிதம் என்று நினைப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா அறைவாசலில் நிற்கிறார். கையில் பேப்பர். பக்கம் திருப்புவதில்லை. நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் விட்டதிலிருந்து இதுதான் வழக்கம். உன் குரல் கொஞ்சம் போனிலிருந்து சிந்தினால் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நிற்கிறார் போலும். அவரைப் பற்றிய கதையை அவர் காதுபட எப்படிச் சொல்வது. இப்போது தலைமயிர் வெட்டப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வரத் தாமதமாகும், அதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். மாவட்டச் செயலகக் கச்சேரியில் நாள் முழுக்கச் சுற்றறிக்கைகளைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றுகிற கை இது. சொந்தமாக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் கூச்சமாக இருக்கிறது. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்.

முதலில் கடைக் கதை. அதை நீ முழுதாகக் கேட்கவில்லை. நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அப்பா தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நாவுல போகிற பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வாசிப்பு, வரும்போதும் வாசிப்பு. பக்கத்து வீட்டு நஸ்மியா அக்காவின் தம்பி ஷிஃபான் பஸ் நிலையத்துக்குக் கிட்டக் கணினிக் கடை வைத்திருக்கிறான் அல்லவா, அங்கேதான் போனோம். புரொசசரைப் பெரிதாக வாங்கிவிட்டுக் கிராபிக்ஸ் கார்டைச் சிறிதாக வாங்கினால் என்ன நடக்கும் என்று அவன் விளக்கத் தொடங்க முன்னமே அப்பா, மேல் வாய்க்கால்ல தண்ணி நிறைஞ்சு நிக்கும், கீழ வயல் காயும், அவ்வளவுதானே என்றார். நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆளுக்கு உலகமே வாய்க்கால்தான். ஷிஃபான் அசந்துபோய், சேர், பென்ஷன் எடுத்தா நேர இங்க வந்துருங்க, கல்லாவுல நான் இருக்கேன் விளக்கம் நீங்க சொல்லுங்க என்றான். அதோடு அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரேமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டாக வாங்கச் சொன்னாயே, அதற்கும் இரண்டு வாய்க்கால் கணக்குச் சொன்னார். கேசிங்கோடு சும்மா வருகிற பவர் சப்ளை வேண்டாம், தனியாக நல்லதாக எடுங்க என்று ஷிஃபான் சொன்னபோது, ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பப்பாசிப்பழம் பார்ப்பதுபோலப் பாரம் பார்த்தார். எது பாரமோ அது நல்லது. சிரிப்பு வந்தது, ஆனால் அது பெரும்பாலும் சரிதானாம், ஷிஃபானே சொன்னான்.

கிராபிக்ஸ் கார்டில்தான் இழுபறி. உன் பொறியியல் படிப்புக்கு என்றால் எடுக்கலாம், விளையாட்டுக்கு என்றால் இவ்வளவு பெரிசு என்னத்துக்கு என்று அப்பா பிடிவாதம். ஷிஃபான் கார்டைப் பெட்டியோடு அவர் கையில் வைத்தான். சேர், நீங்க பாலத்துக்குப் படம் கீறுறீங்களா கார் ஓட்டுறீங்களா என்று இதுக்குத் தெரியாது, இது ரெண்டையும் முக்கோணமாத்தான் பார்க்கும் என்றான். அப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அப்ப பாலம் கீறுறதுக்கே எடுப்பம், அது தெரியாம விளையாடினா விளையாடட்டும் என்றார். அடுத்தது வெளிச்சம். காற்றாடிகளில் கலர் கலராக லைட் வேண்டவே வேண்டாம், மாசி மகத் தேரா இழுக்கப் போறோம் என்று கேட்டார். லைட் இல்லாத கேசிங் கையிருப்பில் இல்லை. வேண்டாவெறுப்பாக எடுத்தார். இப்போது பின்னேரமானால் அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்தது தாய்ப்பலகை. பாடநூலில் அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். எல்லாரும் வந்து அதில் செருகிக்கொள்வார்கள். விளம்பரத்தில் அதன் பெயர் கடைசியில் வரும்.

பிறகு உங்கள் சண்டை. அதில் நான் வாய் திறக்கவில்லை, இப்போது திறக்கிறேன். நீ சாமான்களைப் பூட்டாமல், துண்டு துண்டாக அப்படியே கிளிநொச்சிக்கு அனுப்புங்கள் என்றாய். அவர் கணினி உன் பழைய அறையில், ஜன்னலோரம், இங்கேதான் இருக்கும் என்றார். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும், அது உனக்குத் தெரியும். டெஸ்க்டொப் எண்டால் மேசையில இருக்கிற சாமான், மேசை இஞ்சதான் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டார். நீயும் விடவில்லை, அப்ப நீங்களே வச்சு விளையாடுங்க, எனக்கு வேணாம் என்று போனை வைத்தாய். அன்றிலிருந்து வீட்டில் ஒரு நாற்காலி குறைந்ததுபோல இருந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். உன் படிப்பு அங்கே, மாத்தளையில் மெஷின் இருந்து என்ன பயன். அவர் நினைத்தது வேறு. மடியில் வைக்கிற புது லெப்டொப்பை வாங்கிக் கொடுத்தால் அதையும் தூக்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாய், தூக்க முடியாததை இங்கே வைத்தால் லீவுக்கு லீவு அதைத் தேடியாவது வருவாய். இதை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. புதிதாக ஒரு நாற்காலி வாங்கிவந்து உன் உயரத்துக்குத் திருகித் திருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், அதில் விளங்கியது. நீ கணினிக்காக வீட்டுக்கு வருவது எனக்குக் கொஞ்சம் கசப்புத்தான். வருவாய் என்றால் விழுங்கியிருப்பேன்.

இனி நீ கேள்விப்படாத பகுதி. கணினி இடையில் நின்று நின்று போனது சின்னப் பிழை, ஷிஃபான் சரிசெய்துவிட்டான் என்று போனில் சொன்னேன். சின்னதுதான். ஆனால் இந்த ஊரில், இந்த வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய பிழை. சாமான்கள் வந்த கிழமை சரஸ்வதி பூசை. புத்தகங்களோடு பெட்டிகளையும் அடுக்கினோம். பெட்டிக்கு மேல பொட்டு வச்சா பெட்டிக்குத்தான் படிப்பு வரும் என்று அப்பா ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் அரைத்துக் கொடுத்த சந்தனம். கேசிங்குக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மொனிட்டர் சட்டத்தின் மூலையில் ஒன்று. பலகைகளையும் கார்டையும் தொடக்கூடாது என்று ஷிஃபான் எச்சரித்திருந்தான், அவற்றைத் தொடவில்லை, அந்த அளவுக்குக் கவனம். கூலரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அது ஒரு பெரிய தகரச் சீப்புப் போல, அடியில் மட்டும் வழுவழுப்பான செம்புத் தகடு. அப்பா அதன் பிளாஸ்டிக்கை உரித்தார். கும்பச் செம்பு மாதிரி மினுங்கியது. செம்பைக் கண்டால் சும்மா இருக்கிற கையா அது. நடுவில் தாராளமாக ஒரு பொட்டு, அதற்கு மேல் குங்குமம். அழகாக இருந்தது என்று நானும்தான் சொன்னேன்.

விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்துப் பூட்டத் தொடங்கினார். கடையிலேயே பூட்டித் தருகிறேன் என்று ஷிஃபான் சொல்லியிருந்தான், ஏடு தொடக்குகிற நாளில் வீட்டிலதான் தொடங்க வேணும் என்று இவர் சம்மதிக்கவில்லை. போனில் ஒரு வீடியோ ஓடும், நிறுத்துவார், ஒரு ஆணி முடுக்குவார், மறுபடி ஓட்டுவார். கூலர் பூட்டும் இடம் வந்தது. புரொசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவ ஷிஃபான் சாம்பல் நிறத்தில் ஒரு பசை கொடுத்திருந்தான். பூசைப் பொட்டு செம்பில் காய்ந்து பொருக்காக இருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். அம்மனுக்கு முன்னால வச்சதை எப்படித் துடைக்கிறது என்றார். இந்தப் பசை என்னத்துக்கு என்று கேட்டேன். சூட்டை இழுக்குறதுக்கு என்றார். பிறகு அவரே, நெத்தியில வச்சாத் தலைச்சூடு இறங்குதே, சந்தனமும் அந்த வேலையைத்தானே செய்யுது, இருக்கட்டும் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எடுத்த பட்டம் என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. இரண்டும் வாய் திறக்கவில்லை. பொட்டுக்கு மேலேயே சாம்பல் பசையையும் தடவி நாலு ஆணியும் முடுக்கினார்.

முதல் தடவையே உயிர் வந்தது. லைட்டெல்லாம் எரிந்தது. அப்பா படம் எடுத்தார், உனக்கு அனுப்பப் போய் அழித்தார், கடைசியில் ஸ்டேட்டஸில் போட்டார். நீ பார்த்தாய். யார் யார் பார்த்தார்கள் என்று அது காட்டும் அல்லவா, உன் பெயர் வந்ததும் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீ ஒன்றும் எழுதவில்லை. நல்லது, அது போகட்டும். ஷிஃபான் ஒரு கார் ஓட்டுகிற விளையாட்டும் போட்டுக் கொடுத்திருந்தான். மெஷினைச் சோதிக்கிறேன் என்று சொல்லி அப்பா உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே காரைக் கடலுக்குள் விட்டார். இரண்டாவது தடவை வேலிக்குள். சோதனை சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது. திடீரென்று திரை கறுத்துக் கணினி நின்றுவிட்டது. மறுபடி போட்டால் வேலை செய்யும், விளையாட்டு சூடு பிடிக்கிற நேரம் மறுபடி நிற்கும். இதில் வேடிக்கை, ஒவ்வொரு முறையும் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அறை முழுக்கக் கோயில் மணம். நான் சாமியறையில் ஊதுபத்தி மிச்சம் எரிகிறதாக்கும் என்று போய்ப் பார்த்தேன். அப்பா அதை நல்ல சகுனம் என்றார்.

சகுனம் என்று எத்தனை நாள் சொல்வது. முதலில் வீட்டு வயரைக் குற்றம் சொன்னார், பிறகு தான் பாரம் பார்த்து எடுத்த பவர் சப்ளையை, கடைசியில் ஷிஃபானை. போனில் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டார். அவன் திருப்பிப் பேசவில்லை, சனிக்கிழமை வாறேன் சேர் என்றான். அதன்பிறகு இவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, பிள்ளை ஒரு தரம் தொட முன்னமே கெடுத்துப்போட்டனோ என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அப்போது உன்னைக் கூப்பிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நீங்களே இரண்டு பேரும் பேச வேண்டும் என்று எனக்கும் ஒரு பிடிவாதம்.

நேற்று ஷிஃபான் வந்தான். கையில் ஸ்குரூ டிரைவரும் ஒரு போத்தல் ஸ்பிரிட்டும். கூலரைக் கழற்றித் திருப்பினான். பார்த்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். எங்கள் இருவரையும் பார்த்தான். சேர், நான் கடையில எத்தனையோ மெஷின் கழட்டியிருக்கேன், பல்லி செத்துக் கிடந்திருக்கு, எறும்பு குடும்பம் நடத்தியிருக்கு, மணக்கிற மெஷின் இதுதான் என்றான். பொட்டுக் கட்டிபட்டு நடுவில் நின்றதால் செம்பு புரொசசரில் ஒட்டவே இல்லையாம், சூடு போக வழியில்லாமல் மெஷின் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. நல்ல பிள்ளை, கருகுறதுக்கு முந்தி நிண்டிருச்சு என்றான். அப்பாவின் காது சிவந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நஸ்மியா அக்கா, என்னடா அங்க சிரிப்பு, சாமான் ஒடஞ்சிருச்சா என்று கேட்க, ஒண்டும் இல்ல ராத்தா, சேர்ட மெஷினுக்குக் காய்ச்சல், நெத்தியில பத்துப் போட்டிருக்காங்க என்றான். அப்பாவே சிரித்துவிட்டார். துடைக்கப் போகும் முன் ஷிஃபான் நிறுத்தி, இது பூசையில வச்சது, டிஷ்யூவுல தொடச்சு வீசுறது சரியில்ல, ஒரு எல தாங்க என்றான். வெற்றிலை கொடுத்தேன். சுரண்டி அதில் வைத்தான். அப்பா கொண்டுபோய்ச் செவ்வரத்தைச் செடி அடியில் போட்டுவிட்டு வந்து, முதல் வேலையாக அவனிடம் போனில் கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளச் சொன்னார். அவன் கத்தினீங்களா, எனக்குச் சிக்னல் சரியில்ல சேர் என்றான்.

பூட்டி முடிந்ததும் இனிப் பாரமான வேலை ஒன்று கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றான். விளையாட்டு மட்டும் போதாது சேர், தங்கச்சிட ஃபைல் ஏதும் இருக்கா என்று கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். நான் உடனே அடுப்படியில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டேன். அவர்தான் உனக்கு வீடியோ கோல் எடுத்தார். நீ அதன்பின் நடந்ததை உன் பக்கத்திலிருந்து கண்டாய், இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். நீ அறைக்கு வெளியே படியில் குந்தியிருந்தாய், மடியில் கொப்பி. ஃபைல் அறைத்தோழி துஷாந்தினியின் லெப்டொப்பில் இருக்கிறது, அவள் தன் வேலையை முடிக்கட்டும், அதுக்குப் பிறகு மற்றவள், அதுக்குப் பிறகு நான், பொறுங்க அப்பா என்றாய். உன்னுடையது என்னாச்சு என்று கேட்டார். அது பழுதாப் போய்க் கனகாலம், பரவாயில்ல, பழகிட்டுது என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். அவர் சரி என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உன் லெப்டொப் கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது என்று. நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. நானும் ஹொஸ்டலில் இருந்தவள்தான், வீட்டுக்கு எழுதும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும்.

இருட்டுப்பட்ட பிறகு உன் ஃபைல் வந்தது. அது கிழமைக்கணக்கில் நீ இழுபட்ட நடைபால டிசைன் என்று பிறகுதான் தெரியும். ஷிஃபான் ஓடவிட்டான். தேத்தண்ணி ஆற முன்னமே முடிந்துவிட்டது, நீலமும் பச்சையும் கொஞ்சம் சிவப்புமாகப் பாலம் திரையில் நின்றது, கணினி நிற்காமல் ஓடியது, மணமும் வரவில்லை. அவன் போன பிறகும் அப்பா அணைக்கவில்லை. மவுஸைப் பிடித்துப் பாலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூணை வாய்க்காலுக்குள்ள இறக்கயில்ல, கரையில தள்ளி வச்சிருக்கா, மாரித் தண்ணி தடங்கலில்லாமப் போகும் என்றார். யாரும் சொல்லிக் கொடுத்தாங்களா தெரியாது என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, படியில குந்திக்கொண்டிருந்தாளே என்றார்.

இன்று காலை நான் எழும்பும்போது அளவு நாடாவோடு கேசிங்குக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். உயரம், அகலம், ஆழம், மொனிட்டரின் கால். அது வந்த வெறும் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தார். அவள்ட அறை மேசை எவ்வளவு அகலம் என்று கேளு, பிளக்கில எர்த் இருக்கா என்றும் கேளு, நான் கேட்டேன் என்று சொல்லாத என்றார். அனுப்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் அந்தச் சொல்லை வெளியே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போடலாமா என்று நாட்காட்டியைப் பார்த்தார். கிளிநொச்சிக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட் கணினிக்கு, பக்கத்துச் சீட் தனக்கு. தம்புள்ளையில் மாறி ஏறும்போது மட்டும் யாராவது ஒரு கை கொடுத்தால் போதுமாம். முடி வெட்டப் போனதும் அதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. சும்மா ஒரு ஞாயிறில் அந்தக் கூட்டத்தில் போய் இருக்கிற மனிதர் இல்லை அவர்.

அங்கே வந்ததும் கேசிங்கை நிலத்தில் வைக்காதே, தூசு இழுக்கும். அதன்மேல் ஈரத் துவாய் காயப்போடாதே. இடி முழங்கினால் வயரைக் கழற்றி வை. துஷாந்தினியும் மற்றப் பிள்ளையும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு, நீ அவர்களுடையதில் வேலை செய்தவள். படித்து முடித்துவிட்டுத்தான் விளையாட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உன் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அதுவும் நல்லதுதான், கண்ணை மட்டும் பார்த்துக்கொள். அப்பா வந்து நிற்கும்போது அவருக்கு ஒரு தடவை அந்தக் காரை ஓட்டக் கொடு. கடலுக்குள் விடுவார். சிரிக்காதே, அல்லது சிரி, உன் இஷ்டம். சந்தனக் கதை உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும், சொல்லும்போது என் பங்கைக் கூட்டித்தான் சொல்வார், நம்பாதே.

நீ கை வைக்கிற வேலையெல்லாம் நேராக வரட்டும், உடம்பும் மனமும் உனக்கு ஒத்துழைக்கட்டும். இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மேசையை அளந்துவிடு. அளவை என் போனுக்கு அனுப்ப வேண்டாம். அப்பாவுக்கு அனுப்பு.

அவ்வளவும் அன்போடு,
உன் அம்மா